தரணி ஊர் சுற்றிக் காட்டினான்

பிராக் நகரத்தின் பழைய சதுக்கத்தில், அறுநூறு வருஷத்துக்கும் மேலாக நேரம் சொல்லிக்கொண்டிருக்கும் மணிக்கூண்டுக்குக் கீழே, கோயமுத்தூரிலிருந்து கிளம்பி வந்த சுற்றுலாக் கூட்டம் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றிருந்தபோது, கூண்டின் ஓரத்து எலும்புக்கூட்டுப் பொம்மை கயிற்றை இழுத்து மணியை ஆட்ட, பக்கத்திலிருந்த மற்ற பொம்மைகள் ‘இப்போது வரமாட்டோம், இப்போது வரமாட்டோம்’ என்று தலையை இடமும் வலமும் ஆட்ட, எல்லோருடைய செல்போனும் வானத்தைப் பார்த்து உயர்ந்திருக்க, வசந்தாமணியின் தோளை யாரோ தொட்டார்கள். திரும்பிப் பார்த்தால், இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு இதே ஊர் ஆற்றில் இறந்துபோன அவளுடைய மகன் தரணி நின்றுகொண்டிருந்தான்.

“அம்மா, மேல பாத்தது போதும். பைய முன்னால போட்டுக்க. இங்க பிக்பாக்கெட் நெம்ப ஜாஸ்தி” என்றான்.

வசந்தாமணி அலறவில்லை, மயங்கி விழவுமில்லை. அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். “ஏண்டா கண்ணு, இந்தக் குளுருல தலையத் துவட்டாம வந்து நிக்கற?” என்று சொல்லிக்கொண்டே, எங்கே போனாலும் கைப்பையில் மடித்து வைத்திருக்கும் ஈரோட்டுத் துண்டை உருவி, அத்தனை பேர் நடுவில் அவனைக் குனியச் சொல்லித் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். உடுமலைப்பேட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கிற அவள் கணவர் வெள்ளியங்கிரி மகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சாப்பிட்டயா சாமி?” என்றார். “ஆச்சுங்கப்பா” என்றான் தரணி. தங்கை மிருதுளா அண்ணன் சட்டையின் பின்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் தேர்க்கூட்டத்தில் பிடித்துக்கொண்டு போன மாதிரியே. துண்டு நனைந்து பிழியும் அளவுக்கு ஆகிவிட்டது. தலை மட்டும் காயவே இல்லை.

தரணி இந்த ஊருக்கு மேல்படிப்புக்கு வந்தவன். வந்த நாள் முதல் அவன் வீடியோவில் பேசியதெல்லாம் ஒரே பேச்சுதான்: அப்பா, நீங்க மூணு பேரும் வாங்க, நான் சுத்திக் காட்டறேன், அம்மாவுக்குப் பாலம், மிருதுவுக்கு அன்னப்பறவை, உங்களுக்குப் பழைய இரும்புக் கதவெல்லாம் இருக்குதுங்க, ஒவ்வொரு கீலும் ஓராள் கனம். வெள்ளியங்கிரியும் வர்றோம் வர்றோம் என்று சொல்லி, பாஸ்போர்ட் எடுத்து, இந்த வருஷம் கடையில் ஆள் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளினார். அந்தக் குளிர்காலத்தில் ஆற்றின் ஓரமெல்லாம் உறைந்து கிடந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் நடந்த பனிக்கட்டி மேல் இவனும் நடந்தான். அவர்களைத் தாங்கிய கட்டி இவனைத் தாங்கவில்லை. பிறகு ஒரு பெட்டி வந்தது.

பெட்டி வந்த அன்றைக்குத்தான் வசந்தாமணி அந்தத் தப்பைச் செய்தாள். அது நம் பக்கத்து மனுஷர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிக்கொள்ளமாட்டார்கள். எழுந்து, செருப்பைப் போட்டு, வாயைத் திறக்காமல் போய்விடுவார்கள். இருக்கிறவர்களுக்கே அப்படியென்றால், போகிறவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் மகனைப் பால்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் கடைசியில் ஏரோப்ளேனுக்கும் வாசலில் நின்று அனுப்பி அனுப்பிப் பழகிய வாய் அவளுடையது. ஆண்கள் தூக்கித் தோளில் வைத்துப் படி இறங்கியபோது அந்த வாய் அவளைக் கேட்காமலே திறந்து, “போயிட்டு வா சாமி, பத்தரமா போயிட்டு வா” என்று சொல்லிவிட்டது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அழுகையை நிறுத்தினார்கள். நாத்தனார் நங்கையாள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். சொல் வெளியே போயிருந்தது.

அதற்குப் பிறகு சில காலைகளில், மழையே இல்லாத நாளில், உடுமலை வீட்டு வாசல்படி நனைந்திருக்கும். படிக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு இருக்காது. வெள்ளியங்கிரி பைப் கசிகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டார். பிளம்பர் தரையை உடைத்துப் பார்த்துவிட்டு, இங்கே பைப்பே போகலைங்களே என்றார். அவர் வேறு பிளம்பரைக் கூப்பிட்டார். வசந்தாமணி யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் படியைத் துடைத்து, துடைத்த துணியைப் பிழிய மனமில்லாமல் அப்படியே கொடியில் போடுவாள். ஒருநாள் பேப்பரில் ஐரோப்பா சுற்றுலா விளம்பரத்தைப் பார்த்து, “வர்றோமுன்னு சொல்லியிருந்தோமுங்க” என்றாள். வெள்ளியங்கிரி அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டுப் போய் டிக்கெட் போட்டார்.

சுற்றுலாக் கூட்டத்தை மேய்க்கிற பொறுப்பு கோயமுத்தூர் சுங்கம் பகுதிக்காரனான அல்போன்ஸுடையது. சதுக்கத்தில் தலை எண்ணியபோது ஒரு தலை கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணினான், மறுபடியும் கூடுதல். குறைந்தால் என்ன செய்வதென்று கம்பெனியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், கூடினால் என்ன செய்வதென்று யாரும் சொல்லியிருக்கவில்லை. விஷயத்தைக் கேட்டவன் சிலுவை போட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, “அப்ப நம்ம பையன்தானுங்க. முன் சீட்டுல என்ற பேக்க எடுத்துடறேன், அங்க உக்காரட்டும்” என்றான். கூட்டத்தில் டாக்டர் ஒருவர் இருந்தார், கோவிந்தசாமி என்று பெயர், யாராவது தும்மினாலும் பக்கத்தில் வந்து நிற்கிறவர். அவர் தரணியின் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். “பல்ஸ் இல்லீங்க” என்றார் கடைசியில், “மத்தபடி நல்லாத்தான் இருக்கறாப்ல.” அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்த காலத்திலிருந்தே பஸ் ஓட்டுகிற டிரைவர் மிலான், முன் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, காலுக்கடியில் பழைய செய்தித்தாளைப் பரப்பினார். அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஓட்டல் வரவேற்பில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் இவர்கள் அறைக்கு மட்டும் ஒரு துண்டு அதிகமாகக் கொடுத்தாள். பழைய ஊர், எத்தனையோ ராஜாக்களையும் யுத்தங்களையும் வெள்ளங்களையும் பார்த்த ஊர், தன்னிடம் வந்து செத்தவன் ஒருவன் தாயாருக்குக் கோயில் காட்டப் புறப்பட்டால் அதற்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஊர் இல்லை அது. கோயமுத்தூர்க் கூட்டமும் லேசுப்பட்டதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் பரிமளம் அக்கா, புருஷனை இழந்து தனியாக வந்தவள், தன் டப்பாவிலிருந்து முறுக்கை எடுத்து அவனுக்கு நீட்டி, “எடுத்துக்க தம்பி, நமத்துப் போறதுக்குள்ள தின்னுடு” என்றாள். சாயங்காலத்துக்குள் அவனுக்கு அங்கே ஆறு அத்தைகள் கிடைத்துவிட்டார்கள், ஆளாளுக்குத் தலையைத் துவட்டச் சொல்லித் திட்டினார்கள்.

தரணி ஊர் சுற்றிக் காட்டினான். அல்போன்ஸ் கையில் பிடித்திருந்த மஞ்சள் கொடியை மடக்கிப் பையில் வைத்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து அவன் பின்னால் நடந்தான். கோட்டையையும் கோயிலையும் சீக்கிரம் காட்டி முடித்துவிட்டு, எந்தச் சுற்றுலாக் கம்பெனியும் காட்டாததையெல்லாம் அவன் காட்டினான்: மாதக் கடைசியில் அரை விலைக்கு ரொட்டி தருகிற கடையை, அம்மாவோடு போனில் பேச சிக்னல் நன்றாகக் கிடைக்கிற டிராம் நிறுத்தத்தை, துணி துவைக்கப் போட்டுவிட்டு உட்கார்ந்து படிக்கிற பெஞ்சை, முதல் பனி பெய்த அன்று அவன் சறுக்கி விழுந்த சந்துமுனையை. கூட்டம் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று போட்டோ எடுத்தது. வெள்ளியங்கிரி ஒரு பழைய இரும்புக் கதவின் கீலைத் தடவித் தடவிப் பார்த்து, “ஓராளு கனம் இருக்கும்” என்றார், திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிருதுளா அன்னப்பறவைகளுக்குப் பக்கத்தில் அவனை நிற்கவைத்துப் படம் எடுத்தாள். படத்தில் அன்னங்கள் இருந்தன, கல் படியில் ஈரம் இருந்தது.

சார்லஸ் பாலத்தில், இரண்டு பக்கமும் புனிதர்களின் சிலை வரிசையாக நிற்கிற இடத்தில், நெபோமுக் என்கிற சாமியாரின் சிலைக்குக் கீழே ஒரு வெண்கலத் தகடு. அதைத் தொட்டால் இந்த ஊருக்குத் திரும்ப வருவோம் என்று நம்பிக்கை. தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பொன்னாக மின்னியது. “இவரையும் இதே ஆத்துலதான் தூக்கிப் போட்டாங்க” என்றான் தரணி, தனக்குத் தெரிந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு தொட்டது. வசந்தாமணியும் தொட்டாள். எல்லோரும் நகர்ந்த பிறகு யாருக்கும் தெரியாமல் இன்னொரு தரம் போய்த் தொட்டு, கையை எடுக்காமல் நின்றாள். வருஷா வருஷம் வரலாம், வளையலை விற்றாவது வரலாம், தலையைத் துவட்டிவிட்டுப் போகலாம் என்று அவள் மனம் கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டது.

பரிமளம் அக்காதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பாலத்துக்குக் கீழே படகில் போய்க்கொண்டிருந்தபோது, ரொம்ப நேரமாகத் தயங்கியவள், “தம்பி, அங்க எங்க வீட்டுக்காரரப் பாத்தயா? சிவப்பா, கொஞ்சம் தொந்தியா இருப்பாரு. எந்நேரமும் வெத்தல போடுவாரு” என்றாள்.

“இல்லீங்க அத்தை” என்றான் தரணி. “நான் இன்னும் அந்தப் பக்கம் போகலீங்க.”

“அப்பறம் இத்தன நாளா எங்கிருந்த?”

“நடந்துட்டே இருக்கறனுங்க. அம்மா போயிட்டு வான்னு சொல்லுச்சுங்களா, அதனால போறேன், வர்றேன். இந்த ஆத்துல இருந்து கிளம்பி எங்கூட்டு வாசல் வரைக்கும் வந்துடுவேன். படி ஏறத்தான் முடியறதில்ல. வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு மறுக்காவும் இங்கயே திரும்பி வந்துடுவேன். கடல்தான் நெம்பத் தூரமுங்க அத்தை. மத்தபடி ஒண்ணும் சிரமமில்ல.” குறை சொல்கிற குரலே இல்லை. காலேஜ் பஸ் லேட் என்று வீட்டில் வந்து சொல்வானே, அந்தக் குரல்தான்.

வசந்தாமணி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் விடியற்காலையிலும் அவள் துடைத்த வாசல்படி அவள் கண்முன் வந்து நின்றது, துடைத்துவிட்டு உள்ளே போய் அவள் காப்பி குடித்ததும், கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நின்றிருந்ததும்.

அன்று சாயங்காலம் ஓட்டல் அறையில் அவள் மகனைக் கட்டிலில் உட்காரவைத்து ஷூவைக் கழற்றினாள். ஷூவின் அடிப்பக்கம் தேய்ந்து தாள் மாதிரி ஆகியிருந்தது. சாக்ஸை உரித்தபோது கால் தெரிந்தது. நாளெல்லாம் துணி துவைத்தவள் கை போல வெளுத்து, ஊறி, சுருங்கி, விரல் நுனியெல்லாம் தோல் விட்டுப்போயிருந்த கால். தலைக்குக் காற்றடிக்கிற மெஷினை வைத்து அந்தக் காலைக் காயவைக்கப் பார்த்தாள். மெஷின் சூடாகி நின்றுபோனது. கால் அப்படியே இருந்தது.

“நம்ம கூடவே கூட்டிட்டுப் போயிறலாமுங்க” என்றாள் கணவரிடம். “அல்போன்ஸு பிளேன்ல சீட்டு இருக்குதுன்னு சொல்றாப்ல.”

வெள்ளியங்கிரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். “கூட்டிட்டுப் போயி?”

“போயி, நம்மூட்டுல வெச்சுக்கலாம்.”

“வாசல் வரைக்கும்தாம்மா வர முடியும்” என்றான் தரணி, தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறாளோ என்று பயந்தவனைப் போல. “நீ வான்னு சொன்னா வர்றேன். எனக்கொண்ணுமில்ல.”

“அவங் கால நல்லாப் பாரு வசந்தா” என்றார் வெள்ளியங்கிரி. “பாத்துட்டு நீயே சொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்ட மனுஷன் மேல், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தாங்கி இவனை மட்டும் தாங்காத பனிக்கட்டி மேல், காலையில் ஆசையாகத் தொட்ட வெண்கலத் தகட்டின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் வாய் மேல். ஒரு தாய் பிள்ளையை வா என்று கூப்பிட்டது குற்றமா என்று யாரையாவது பிடித்து உலுக்கிக் கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்க ஆள் இல்லாததால் மகனுடைய காலை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத் துண்டாலேயே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவன் அப்படியே தூங்கிப்போனான். தூங்கும்போதும் கால் நடந்துகொண்டிருப்பது போல லேசாக அசைந்தது. அதைப் பார்த்த பிறகு அவள் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

ஊருக்குக் கிளம்புகிற நாள் காலையில், சாப்பாட்டுக் கூடத்தில் பருப்புப்பொடி டப்பாக்களும் ஊறுகாய் பாட்டில்களும் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்த நேரத்தில், வசந்தாமணி எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். பரிமளம் அக்காவைப் பார்த்து மட்டும் சொல்வதாக ஆரம்பித்தாள்.

“அக்கா, இன்னிக்குக் கிளம்பறப்ப அவங்கிட்ட யாரும் சொல்லிக்க வேண்டாமுங்க.”

ஸ்பூன் சத்தம் நின்றது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் நம் பக்கத்து மனுஷர்கள்தானே, எல்லோரும் சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள்தானே. பரிமளம் அக்கா மட்டும் தலையை ஆட்டி, “சரி கண்ணு” என்றாள்.

அந்தக் கூட்டம் எப்படிப்பட்ட கூட்டம் என்று தெரிந்தால்தான் அதன் அருமை தெரியும். பாரிஸில் கோபுரத்தைப் பார்த்துக் கையாட்டி, போயிட்டு வர்றோமுங்க என்று சொன்ன கூட்டம் அது. சுவிட்சர்லாந்தில் ஒரு பசுமாட்டிடம் சொல்லிக்கொண்ட கூட்டம். ஓட்டலில் பெருக்குகிறவளிடம், லிஃப்டிடம், பாதி தின்ற ரொட்டியிடம்கூடச் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடியவர்கள். அப்பேர்ப்பட்டவர்கள் அன்று பாலத்து முனையில் நின்ற பஸ்ஸை நோக்கி, தரணி ஓரமாக நின்றிருக்க, ஒருவர் பின் ஒருவராக, தலையைக் குனிந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்கள். பரிமளம் அக்கா முன்னால் போனாள், புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. டாக்டர் போனார். அல்போன்ஸ் அன்றைக்கு மட்டும் தலை எண்ணவில்லை. மிலானுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்களோ, அவர் முன் சீட்டின் பிளாஸ்டிக் விரிப்பை மடித்து எடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மிருதுளா அண்ணன் சட்டையை ஒரு தரம் பிடித்தாள், விட்டாள், ஏறினாள். வெள்ளியங்கிரி மகனுக்கு முன்னால் குனிந்து, அவிழ்ந்து கிடந்த ஷூ லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டுக் கட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போனார். சுடுகாட்டிலிருந்து திரும்புகிற மனுஷர் அப்படித்தான் வருவார்.

வசந்தாமணி கடைசியாக நின்றாள். துண்டை எடுத்தாள். குனிடா என்று அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை, அவனே குனிந்தான். உச்சியிலிருந்து பிடரி வரை, காது மடல், காதுக்குப் பின்னால், நெற்றி, ஒரு இடம் விடாமல் துவட்டினாள். தலை சொட்டிக்கொண்டேதான் இருந்தது. அவன் நிமிர்ந்து, எப்போதும் வாசலில் நின்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொல்கிற அதே முகத்தோடு, “அப்ப நான் போயிட்டு வரட்டுமாம்மா?” என்றான்.

சொல் அவள் தொண்டைக்கு வந்துவிட்டது. இருபத்துச் சொச்சம் வருஷம் பழகிய சொல். ஒரு நாள்கூட அது இல்லாமல் அவனை வாசல் தாண்டவிட்டதில்லை. அவன் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றான். சொன்னால் அவன் வருவான். கடலைத் தாண்டி, தேய்ந்த ஷூவோடு, எத்தனை தரமானாலும் வருவான், அவள் பிள்ளை அப்படிப்பட்டவன். அவள் துண்டோடு சேர்த்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். நங்கையாள் பொத்தியதைவிட இறுக்கமாகப் பொத்திக்கொண்டாள். அப்படியே திரும்பி, அந்த வெண்கலத் தகடு இருந்த பாலத்தின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாமல், ஒவ்வொரு படியாகப் பஸ்ஸில் ஏறினாள்.

முன் சீட்டு காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய்க் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. யாரும் ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை. சதுக்கத்துப் பக்கமிருந்து மணிக்கூண்டின் மணி கேட்டது. அந்த எலும்புக்கூடு கயிற்றை இழுக்கிறது, மற்றவை தலையை ஆட்டுகின்றன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பஸ் ஆற்றைக் கடந்து மேட்டில் ஏறும்போதுதான் வசந்தாமணி வாயிலிருந்து கையை எடுத்தாள். துண்டு மடியில் விழுந்தது. சதுக்கத்தில் முதன்முதலாக எடுத்த நாளிலிருந்து பிழியப் பிழியக் காயாத துண்டு. அதை மடித்துப் பையில் வைக்கலாம் என்று எடுத்தவள், ஒரு நுனியைத் தொட்டுப் பார்த்தாள், இன்னொரு நுனியைத் தொட்டாள், பிறகு முழுதும் விரித்துத் தடவிப் பார்த்தாள்.

“காஞ்சிருச்சுங்க” என்றாள் கணவரிடம். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.